கொரோனா இறப்பு விகிதம்: கணக்குகள் ஏன் ஒத்துப்போகவில்லை? மக்கள் எதை நம்பினார்கள்?

புதுடெல்லி: உலக அளவில் பதிவான கொரோனா நோயாளிகளில் சுமார் 3.4 சதவீதம் பேர் உயிரிழந்துள்ளதாக உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ் அதனோம் கெப்ரியேசஸ் 2020-ம் ஆண்டு மார்ச் 3-ம் தேதி தெரிவித்தார். நூறு பேருக்கு நோய் வந்தால் மூன்று, நான்கு பேர் இறப்பார்கள் என்றே உலகம் அதைப் புரிந்துகொண்டது. மூன்று வாரங்கள் கழித்து, மார்ச் 24-ம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் தோன்றி, அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு அமலாகும் என அறிவித்தார். அன்றைய நிலவரப்படி இந்தியாவில் பதிவாகியிருந்த தொற்று 500-ஐச் சற்றே தாண்டியிருந்தது. இறப்புகள் பத்து என்ற அளவிலேயே இருந்தன.

இன்று மத்திய அரசின் கணக்கில் கொரோனாவால் இந்தியாவில் உயிரிழந்தோர் சுமார் 5.33 லட்சம் பேர். பதிவான தொற்று சுமார் 4.5 கோடி. இந்த இரண்டையும் வகுத்தால் கிடைக்கும் இறப்பு விகிதம் 1.2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. மறுபுறம், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. ஒரே நோய், ஒரே நாடு. ஆனால் இரு எண்களுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது மடங்கு வேறுபாடு.

இந்த வேறுபாட்டைப் புள்ளிவிவர நிபுணர்களின் சச்சரவு என ஒதுக்கிவிட முடியாது. கடையை மூடுவதா, ஊருக்கு நடந்தே போவதா, முகக்கவசத்தைக் கழற்றுவதா, திருமணத்தை ஒத்திவைப்பதா என்று கோடிக்கணக்கான குடும்பங்கள் முடிவெடுத்தபோது, நோய் எவ்வளவு கொடியது என்ற கேள்விக்கு அவர்களுக்குக் கிடைத்திருந்த விடையே அந்த முடிவுகளின் பின்னால் இருந்தது. அந்த விடையோ மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருந்தது.

கைதட்டலில் இருந்து கால்நடைப் பயணம் வரை

தொடக்கத்தில் கட்டுப்பாடுகளுக்கு மக்களிடம் கிடைத்த ஆதரவு பெரிது. மார்ச் 22-ம் தேதி நடந்த மக்கள் ஊரடங்கின்போது மாலை 5 மணிக்கு மாடிகளிலும் வாசல்களிலும் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினர், தட்டுகளை ஒலித்தனர். ஏப்ரல் 5-ம் தேதி இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றினர். ஒத்துழைக்க மனமிருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அச்சமும் அதே வேகத்தில் பரவியது. மருத்துவர்களையும் செவிலியர்களையும் வாடகை வீடுகளில் இருந்து வெளியேறச் சொன்ன செய்திகள் பல நகரங்களில் இருந்து வந்தன. சென்னையில் 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள் கும்பலால் தாக்கப்பட்டனர். அதே மாதம் 22-ம் தேதி மத்திய அரசு, சுகாதாரப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகைசெய்யும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டெல்லி நிஜாமுதீன் மாநாட்டில் பங்கேற்றவர்களிடையே தொற்று கண்டறியப்பட்ட பின், ஒரு சமூகத்தின் மீதே பழி சுமத்தப்பட்டது. அதில் பங்கேற்ற வெளிநாட்டவர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் ரத்து செய்த மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தோன்றுகிறது எனக் கூறியது. நோய் வந்தால் பழியும் வரும் என்ற நிலையில், பரிசோதனைக்கு முன்வரப் பலர் தயங்கினர். இந்தத் தயக்கமும் பின்னால் கணக்கைப் பாதித்தது.

மாதச் சம்பளம் வாங்குவோருக்கு ஊரடங்கு என்பது வீட்டுக்குள் இருப்பது. தினக்கூலிக்கு வந்தவர்களுக்கு அது வேலையும் இருப்பிடமும் ஒரே இரவில் பறிபோவது. மார்ச் 28-ம் தேதி டெல்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஊர் திரும்பத் திரண்ட பல்லாயிரம் தொழிலாளர்களின் காட்சி நாட்டையே உலுக்கியது. ஏப்ரல் 14-ம் தேதி ஊரடங்கு நீட்டிக்கப்பட்ட அன்று மும்பை பாந்த்ரா ரயில் நிலையம் அருகே கூட்டம் கூடியது. சூரத்தில் நெசவாலைத் தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பக் கோரித் தெருவில் இறங்கினர். மே 8-ம் தேதி அதிகாலை, மகாராஷ்டிர மாநிலம் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி இறந்தனர். ஜால்னாவில் இருந்து புசாவலை நோக்கி நடந்தவர்கள் அவர்கள். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த சப்பாத்திகளின் படம் நாளிதழ்களில் வெளியானது.

இவர்கள் நோயை அறியாதவர்கள் அல்லர். பசி உறுதி, நோய் ஐயம் என்ற நிலையில் உறுதியானதற்கு முதலிடம் கொடுத்தார்கள். மே 1-ம் தேதி தொடங்கிய சிறப்பு ரயில்களில் 63 லட்சம் பேர் ஊர் திரும்பினர். மொத்தமாக ஒரு கோடிக்கும் அதிகமானோர் சொந்த மாநிலங்களுக்குத் திரும்பியதாக 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அதே கூட்டத்தொடரில், வழியில் இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்கப்பட்டபோது, அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை என்பதே தொழிலாளர் அமைச்சகத்தின் பதிலாக இருந்தது. எண்ணப்படாத இறப்புகள் என்ற இந்தக் கதையில் முதலில் வருபவர்கள் இவர்களே.

ஊரடங்கால் 14 லட்சம் முதல் 29 லட்சம் வரையிலான தொற்றுகளும், 37 ஆயிரம் முதல் 78 ஆயிரம் வரையிலான இறப்புகளும் தவிர்க்கப்பட்டதாக அதே மாதம் சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் மக்களவையில் கூறினார். நேராத ஒன்றை எண்ண முடியாது. மாதிரிக் கணக்கால் மட்டுமே ஊகிக்க முடியும். அந்த ஊகத்துக்கும் அடிப்படையாக ஓர் இறப்பு விகிதம் வேண்டும். எடுத்துக்கொள்ளும் விகிதம் மாறினால், ஊரடங்கின் பலனும் மாறிவிடும். இன்னொரு பக்கம், 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியதாக முதற்கட்டப் புள்ளிவிவரம் காட்டியது. இழப்பு கண்முன் தெரிந்தது. பலன் கணக்கில் மட்டுமே இருந்தது. கட்டுப்பாடுகள் மீதான மக்களின் பொறுமை குறைந்ததற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

ஒரு பின்னம், இரண்டு குழப்பங்கள்

இறப்பு விகிதம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வெவ்வேறு அளவுகள் கலந்துள்ளன. பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களில் எத்தனை சதவீதம் பேர் இறந்தார்கள் என்பது ஒன்று. அரசு நாள்தோறும் வெளியிட்டது இதைத்தான். தொற்றுக்கு ஆளான அனைவரிலும், அதாவது பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள், அறிகுறியே தெரியாதவர்கள் உட்பட எல்லோரிலும், எத்தனை சதவீதம் பேர் இறந்தார்கள் என்பது மற்றொன்று. நோயின் உண்மையான கொடுமையைக் காட்டுவது இரண்டாவது அளவே. ஆனால் அதை நேரடியாக எண்ண வழியில்லை.

முதல் அளவு, பரிசோதனைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்கும். வெளிநாடு சென்று வந்தவர்களையும் மருத்துவமனையில் மூச்சுத்திணறலோடு கிடப்பவர்களையும் மட்டும் சோதித்தால் விகிதம் உயரும். தெருத்தெருவாக முகாம் நடத்தி லேசான தொற்றுகளையும் கண்டுபிடித்தால் தாழும். 2020 ஜூன் நடுவில் 3.33 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் ஆகஸ்ட் தொடக்கத்தில் 2.15 சதவீதமாகக் குறைந்ததாகவும், உலகிலேயே குறைந்த விகிதங்களில் இதுவும் ஒன்று எனவும் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. சிகிச்சை முறைகள் மேம்பட்டது உண்மைதான். ஆனால் அந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு பரிசோதனைகள் பெருகியதால் வந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் ஒரே சாதனையாக அறிவித்தது, பின்னால் வந்த அவநம்பிக்கைக்கு விதையானது என்றே கருத வேண்டியிருக்கிறது.

இரண்டாவது அளவை அறிய உதவியவை ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் உள்ளதா எனப் பார்க்கும் ஆய்வுகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 மே, ஜூன் மாதங்களில் நடத்திய முதல் தேசிய ஆய்வில், வயது வந்தோரில் 0.73 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து சென்றது தெரியவந்தது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் மே தொடக்கத்திலேயே சுமார் 64 லட்சம் பேர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்பது அதன் பொருள். அப்போது அரசுக் கணக்கில் இருந்தவர்களோ சில பத்தாயிரம் பேர். கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் பின்னால் கண்டறியப்படாத 80-க்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் மாநகராட்சியும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பிற அமைப்புகளும் இணைந்து நடத்திய ஆய்வு இன்னும் வியப்பளித்தது. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும், மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம் பேருக்கும் எதிர்ப்புப் பொருள் இருந்தது. பத்துப் பேர் ஓர் அறையில் வசித்து, ஒரே கழிப்பறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் சமூக இடைவெளி என்ற அறிவுரை எந்த அளவுக்குப் பொருந்தியது என்பதற்கு அந்த எண்ணே விடை. அந்த ஆய்வின்படி தொற்றுக்கு ஆளானோரில் இறந்தவர்கள் 0.05 முதல் 0.10 சதவீதம் வரை மட்டுமே. உலக சுகாதார அமைப்பு சொன்ன 3.4 எங்கே, இந்த 0.1 எங்கே?

இந்த எண் வெளியானதும் அதை இரு தரப்பினரும் கையில் எடுத்தனர். ஆயிரத்தில் ஒருவர் இறக்கும் நோய்க்காகவா நாட்டைப் பூட்டினீர்கள் என்று ஒரு தரப்பு கேட்டது. இறப்புகள் முழுமையாக எண்ணப்பட்டால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு என்றது மறுதரப்பு. பின்னத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த குழப்பம் ஓரளவு தீர்ந்த அதே நேரத்தில், மேல்பகுதியில் இருந்த குழப்பம் வெளிச்சத்துக்கு வந்தது.

இந்த இடத்தில் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நடந்த நான்காவது தேசிய ஆய்வில் ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது. தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களிலும் அது 62 சதவீதம். அப்படியானால் குறைந்தது 75 கோடிப் பேருக்குத் தொற்று வந்து சென்றிருக்க வேண்டும். நோயைக் குறைத்துச் சொல்வோர் மேற்கோள் காட்டிய 0.1 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாலும், இறந்தவர்கள் ஏழரை லட்சம். அன்றைய அரசுக் கணக்கோ 4 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. சிறிய விகிதத்தைப் பெரிய மக்கள்தொகையால் பெருக்கினால் என்ன ஆகும் என்பதை விவாதத்தின் சூட்டில் பலரும் மறந்துவிட்டனர்.

ஓர் இறப்பு கணக்கில் சேராமல் போவது எப்படி?

கிராமத்தில் ஒரு முதியவருக்குக் காய்ச்சல் வருகிறது. நான்காம் நாள் மூச்சு வாங்குகிறது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக் கருவி இல்லை. மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் படுக்கை இல்லை. ஆறாம் நாள் வீட்டிலேயே இறந்துவிடுகிறார். ஊரார் தகனம் செய்கின்றனர். இறப்பு பதிவாகலாம், காரணம் பதிவாகாது. இது கற்பனைச் சித்திரம்தான். ஆனால் இந்தியாவில் பெரும்பாலான இறப்புகள் எப்படி ஆவணமாகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டான 2019-ல் பதிவான இறப்புகளில் மருத்துவர் சான்றளித்த காரணத்தோடு பதிவானவை சுமார் 21 சதவீதம் மட்டுமே. ஐந்தில் நான்கு பேர் எதனால் இறந்தனர் என்பது சாதாரண ஆண்டிலேயே ஆவணத்தில் இருப்பதில்லை.

மருத்துவமனையில் இறந்தவர்கள் எல்லோரும் கணக்கில் சேர்ந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. நீரிழிவு, இதயக் கோளாறு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றோடு தொற்றும் இருந்தால், இறப்புக்குக் காரணம் எது? கொரோனாவே அடிப்படைக் காரணமாகக் கொள்ளப்பட வேண்டும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 மே மாதம் வழிகாட்டியது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. மேற்கு வங்கம் இறப்புகளைத் தணிக்கை செய்யக் குழு அமைத்தது. 2020 ஏப்ரல் இறுதியில், தொற்றோடு இறந்த 105 பேரில் 33 பேர் மட்டுமே கொரோனாவால் இறந்தவர்கள், மற்ற 72 பேர் இணை நோய்களால் இறந்தவர்கள் என அம்மாநில அரசு கூறியது. பெரும் சர்ச்சைக்குப் பிறகே அக்குழுவின் பணி மாறியது.

விடுபட்டவற்றைச் சேர்க்கும் வேலையும் அவ்வப்போது நடந்தது. 2020 ஜூன் நடுவில் மகாராஷ்டிரம் ஒரே நாளில் 1,328 பழைய இறப்புகளைக் கணக்கில் கொண்டுவந்தது. தமிழ்நாடு ஜூலை 22-ம் தேதி விடுபட்ட 444 இறப்புகளைச் சேர்த்தது. 2021 ஜூனில் பாட்னா உயர் நீதிமன்றத்தின் கேள்விகளைத் தொடர்ந்து பீகார் நடத்திய தணிக்கையில், சுமார் 5,400 ஆக இருந்த மாநிலத்தின் மொத்த இறப்பு 9,400-ஐத் தாண்டியது. இத்தகைய திருத்தங்கள் நேர்மையின் அடையாளம். ஆனால் மறுநாள் காலை தொலைக்காட்சியில் இறப்பு எண்ணிக்கை திடீரென எகிறியதைப் பார்த்த மக்களுக்கு, இதுவரை மறைத்திருந்தார்கள் என்ற எண்ணமே மேலோங்கியது.

சுடுகாடுகள் சொன்ன கணக்கு

2021 ஜனவரியில் நாட்டின் மனநிலை வேறாக இருந்தது. நாள்தோறும் பதிவாகும் தொற்று வெகுவாகக் குறைந்திருந்தது. இறப்பு விகிதம் 1.4 சதவீதம் என்றது அரசு. ஐந்தில் ஒருவருக்குத் தொற்று வந்து போய்விட்டதாக மூன்றாவது தேசிய ஆய்வு கூறியது. ஆபத்து கடந்துவிட்டது என்ற உணர்வு சந்தைகளிலும் திருமண மண்டபங்களிலும் தெரிந்தது. ஐந்து சட்டப்பேரவைகளுக்கான தேர்தல் கூட்டங்களும் ஹரித்வார் கும்பமேளாவும் அந்த உணர்வோடுதான் நடந்தன. மக்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எண்கள் அவர்களுக்குச் சொன்ன செய்தி அது.

ஏப்ரலில் டெல்டா வகைத் தீநுண்மி பரவியபோது எல்லாம் தலைகீழானது. மே முதல் வாரத்தில் ஒரே நாளில் 4.14 லட்சம் தொற்றுகள் பதிவாயின. டெல்லியில் ஆக்சிஜன் சிலிண்டருக்காகக் குடும்பங்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றன. தகன மேடைகளில் இடமின்றி வாகன நிறுத்துமிடங்களில் சிதை அடுக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கங்கையில் உடல்கள் மிதந்தன. நோயின் இறப்பு விகிதம் என்பது தீநுண்மியின் குணம் மட்டுமல்ல என்பதை அந்த வாரங்கள் காட்டின. ஆக்சிஜனும் படுக்கையும் கிடைத்தால் பிழைக்கக்கூடியவர், கிடைக்காவிட்டால் இறக்கிறார். ஒரே வயது, ஒரே நோய். ஆனால் விகிதம் வேறு.

இம்முறை மத்திய அரசு நாடு தழுவிய ஊரடங்கை அறிவிக்கவில்லை. அதைக் கடைசி ஆயுதமாகவே கருத வேண்டும் என மாநிலங்களைப் பிரதமர் ஏப்ரல் 20-ம் தேதி கேட்டுக்கொண்டார். மாநிலங்கள் தத்தம் அளவில் ஊரடங்கை அறிவித்தன. முந்தைய ஆண்டு காவலர்களின் தடியடிக்கும் அபராதத்துக்கும் பயந்து வீட்டில் இருந்தவர்கள், இம்முறை தெருவில் கேட்ட ஆம்புலன்ஸ் ஒலிக்குப் பயந்து இருந்தனர். பல இடங்களில் வணிகர்களும் கிராமத்தினரும் தாமாகவே கடைகளை அடைத்து, ஊர் எல்லைகளை மூடினர்.

அரசுக் கணக்கை மக்கள் நம்ப மறுத்த காலமும் இதுதான். குஜராத், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் செய்தியாளர்கள் மருத்துவமனை வாசல்களிலும் தகனக் கூடங்களிலும் நின்று உடல்களை எண்ணினர். 2021 மார்ச் 1 முதல் மே 10 வரை குஜராத்தில் 1.23 லட்சம் இறப்புச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டதாகவும், முந்தைய ஆண்டின் அதே காலத்தில் அது 58 ஆயிரம் மட்டுமே எனவும் அம்மாநில நாளிதழ் ஒன்று வெளியிட்டது. அக்காலத்தில் மாநில அரசு கொரோனாவின் கணக்கில் வைத்த இறப்புகள் 4,218. ஜூலை 20-ம் தேதி, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு ஏற்பட்டதாக மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என நாடாளுமன்றத்தில் மத்திய அரசு கூறியபோது எழுந்த கோபத்தைப் புரிந்துகொள்ளக் கடினமில்லை. வாக்கியம் இலக்கணப்படி சரியானது. வரிசையில் நின்றவர்களின் அனுபவத்துக்கு அது எந்த விடையும் தரவில்லை.

கூடுதல் இறப்புகள் என்னும் அளவுகோல்

காரணத்தை ஆராயாமல், வழக்கமாக ஓர் ஆண்டில் எத்தனை பேர் இறப்பார்களோ அதைவிட எத்தனை பேர் அதிகமாக இறந்தார்கள் எனப் பார்ப்பது ஒரு வழி. இதையே கூடுதல் இறப்புகள் என்கின்றனர். தொற்றால் இறந்தவர்களோடு, ஊரடங்கால் டயாலிசிஸ் கிடைக்காமல் இறந்தவரும் இதில் சேர்ந்துவிடுவார். அதேபோல், சாலை விபத்துகள் குறைந்ததால் பிழைத்தவர்கள் இதில் கழிந்துவிடுவார்கள்.

முன்னாள் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் உள்ளிட்டோர் 2021 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, 34 லட்சம் முதல் 49 லட்சம் வரை என மூன்று வழிகளில் மதிப்பிட்டது. 2022 மார்ச்சில் லான்செட் இதழில் வந்த ஆய்வு 40 லட்சம் என்றது. மே 5-ம் தேதி உலக சுகாதார அமைப்பு 47 லட்சம் என அறிவித்தது. இந்தியா இதைக் கடுமையாக எதிர்த்தது. நம்பகமான பதிவு முறை உள்ள நாட்டுக்குக் கணித மாதிரியைப் பொருத்தியது தவறு என்றது. அந்த அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்னதாக, 2020-ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவு விவரங்களை அரசு வெளியிட்டிருந்தது. அதன்படி அந்த ஆண்டில் பதிவான இறப்புகள் 81.2 லட்சம். முந்தைய ஆண்டைவிட 4.75 லட்சம் அதிகம். பதிவு செய்யும் வழக்கம் பெருகியதும் இந்த உயர்வுக்குக் காரணம் என அரசு தரப்பு வாதிட்டது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. முதல் அலை ஆண்டுக்கு அது பெருமளவு பொருந்தியும் வரலாம்.

ஆனால் எல்லோரும் காத்திருந்தது 2021-ம் ஆண்டின் விவரங்களுக்காக. அவை 2025 மே மாதம்தான் வெளிவந்தன. அந்த ஆண்டில் பதிவான இறப்புகள் 1.02 கோடி; முந்தைய ஆண்டைவிடச் சுமார் 21 லட்சம் அதிகம். அதே ஆண்டில் கொரோனாவால் இறந்ததாக அரசு தெரிவித்திருந்தவர்கள் சுமார் 3.3 லட்சம் பேர். ஓர் ஆண்டில் பதிவுப் பழக்கம் மட்டும் மேம்பட்டு 21 லட்சம் கூடிவிட்டது என வாதிட எவருக்கும் துணிவு வராது. உலக சுகாதார அமைப்பின் 47 லட்சத்தை இது அப்படியே மெய்ப்பிக்கவும் இல்லை. இரு எண்களில் எது உண்மைக்கு அருகில் என்ற விவாதத்தின் களம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

இந்தியாவுக்கு இந்த அனுபவம் புதிதும் அல்ல. 1918-ம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா கொள்ளை நோயில் சுமார் 60 லட்சம் பேர் இறந்ததாக அன்றைய ஆங்கிலேய அரசின் சுகாதார ஆணையர் முதற்கட்ட அறிக்கையில் எழுதினார். பின்னால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் அதை ஒன்றேகால் கோடிக்கும் மேல், ஏன், 1.8 கோடி வரை கொண்டு சென்றனர். அதற்கு முன், 1897-ல் பிளேக் நோயைக் கட்டுப்படுத்த வீடு புகுந்து சோதனையிட்டதில் மூண்ட சினம், புனேயில் பிளேக் தடுப்பு அதிகாரி ராண்ட் சுடப்படுவதில் முடிந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட கொள்ளை நோய்கள் சட்டத்தைக் கொண்டுதான் 2020-லும் மாநிலங்கள் கட்டுப்பாடுகளை விதித்தன.

50 ஆயிரம் ரூபாயும் ஒரு சான்றிதழும்

கணக்கை மாற்றிய இன்னொரு வழி எதிர்பாராத திசையில் இருந்து வந்தது. கொரோனாவால் இறந்தோரின் குடும்பங்களுக்கு நிவாரணம் வழங்க வழிமுறைகளை வகுக்குமாறு 2021 ஜூன் 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்படி தொகை 50 ஆயிரம் ரூபாய் என முடிவானது. தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்திருந்தாலும், அது கொரோனா இறப்பே எனப் புதிய விதிகள் கூறின. சான்றிதழில் வேறு காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் நிவாரணத்தை மறுக்கக் கூடாது என அக்டோபர் 4-ம் தேதி நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குடும்பங்கள் முறையிட மாவட்டந்தோறும் குழுக்கள் அமைக்கப்பட்டன.

விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான விவரங்களின்படி, சுமார் 10 ஆயிரம் இறப்புகளை மட்டுமே அறிவித்திருந்த குஜராத்தில் 89 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் பெறப்பட்டன. அவற்றில் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. சுமார் 4 ஆயிரம் இறப்புகளை அறிவித்திருந்த தெலங்கானாவில் ஏறக்குறைய 29 ஆயிரம் விண்ணப்பங்கள். போலி விண்ணப்பங்கள் குறித்த புகார்களும் எழுந்தன. ஆந்திரம், குஜராத், கேரளம், மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களில் 5 சதவீத விண்ணப்பங்களைச் சரிபார்க்க 2022 மார்ச்சில் நீதிமன்றம் மத்திய அரசுக்கு அனுமதி அளித்தது. போலிகளைக் கழித்தாலும், அறிவிக்கப்பட்ட எண்ணுக்கும் ஏற்கப்பட்ட எண்ணுக்கும் உள்ள இடைவெளி சிறியதல்ல. நிவாரணம் பெற்றவர் எல்லோரும் மாநிலத்தின் இறப்புக் கணக்கில் சேர்க்கப்படவும் இல்லை. ஒரே அரசின் ஒரு துறை பணம் வழங்க ஒப்புக்கொண்ட இறப்பை, மற்றொரு துறையின் அன்றாட அறிக்கை அறியவில்லை.

இந்த வாய்ப்பும் ஆவணம் வைத்திருந்தவர்களுக்குத்தான். பரிசோதனை அறிக்கையோ மருத்துவமனைச் சீட்டோ இன்றி, நான்கு நாள் காய்ச்சலில் வீட்டிலேயே இறந்தவரின் குடும்பம் எதைக் காட்டி விண்ணப்பிக்க முடியும்? அந்த இறப்பு பதிவாகியிருந்தால், அது 2021-ம் ஆண்டின் 1.02 கோடிப் பதிவுகளுக்குள் ஒன்றாக, நோயின் பெயர் இல்லாமல் இருக்கிறது.